ஆல்புமின் 2.8, சிஆர்பி 42: அப்பாவின் ரத்த ரிப்போர்ட் ஆபரேஷனைப் பற்றி என்ன சொல்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு மகள். அவருடைய அப்பாவுக்கு 63 வயது. இரைப்பையின் கடைசிப் பகுதியில் புற்றுநோய் என்று எண்டோஸ்கோப்பியிலும் பயாப்ஸியிலும் உறுதியாகிவிட்டது. ஸ்கேனில் வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை. கொஞ்சம் அடைப்பும் ரத்தக்கசிவும் இருப்பதால், கீமோவுக்குக் காத்திருக்காமல் முதலிலேயே ஆபரேஷன் என்று முடிவு. நான்கு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 50 கிலோவாகிவிட்டார். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த சர்ஜன், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "இரண்டு வாரம் சத்து ஏற்றிவிட்டுச் செய்யலாம்" என்று தள்ளி வைத்துவிட்டார். மகள் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி, என்எல்ஆர், பிஎன்ஐ, கோனட் என்று நோயின் போக்கைக் கணிக்கும் ஸ்கோர்களை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறார். எல்லாமே மோசம் என்ற பக்கம்தான் வருகிறது. அதனால் கேட்கிறார்: ஆபரேஷன் எப்படி முடியும் என்று இந்த எண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுமா? இரண்டு வாரம் தள்ளினால் நோய் பரவாதா? தினமும் ஆறு முட்டை வெள்ளைக்கரு கொடுத்தால் ஆல்புமின் ஏறுமா, இல்லை ஆல்புமின் பாட்டில் ஏற்றச் சொல்லலாமா? ஆபரேஷனுக்கு அப்புறம் எந்த டெஸ்டைக் கவனிக்க வேண்டும்?

நான் மயக்க மருந்து மருத்துவர். "ஃபிட்னஸ் கொடுக்கவில்லை" என்று நோயாளி வீட்டார் திட்டும் ஆள் நான்தான். இப்படி ஒரு ரிப்போர்ட் வாரத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வரும். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரிப்போர்ட்டில் நீங்கள் கொடுத்த எண்கள் இவை: வெள்ளையணுக்கள் 9,800, அதில் நியூட்ரோபில் 76 சதவீதம், லிம்போசைட் 14 சதவீதம், தட்டணுக்கள் 4.1 லட்சம், ஹீமோகுளோபின் 9.2, ஆல்புமின் 2.8, உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 42, கொலஸ்ட்ரால் 138. கோனட், பிஎன்ஐ என்று நீங்கள் போட்ட கணக்கு எல்லாம் இந்த ஏழெட்டு எண்களை வெவ்வேறு விதமாகப் பெருக்கி, வகுத்து, கூட்டியதுதான்.

அதற்குள் போகும் முன், கல்லீரல் தயாரிக்கும் ரத்தப் புரதமான ஆல்புமினைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனென்றால் ஒட்டுமொத்தக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆல்புமின் குறைவு என்றதும் வீட்டில் எல்லோரும் "சரியாகச் சாப்பிடவில்லை, புரதம் போதவில்லை" என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். டாக்டர்களிலும் பலர் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் அனோரெக்சியா நெர்வோசா என்ற மனநோயில், மாதக்கணக்கில் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிவிட்ட பெண்களுக்குக் கூட ஆல்புமின் பெரும்பாலும் சாதாரண அளவிலேயே இருக்கும். வெறும் பட்டினியால் மட்டும் ஆல்புமின் எளிதில் இறங்காது. அப்படியென்றால் புற்றுநோயாளிக்கு ஏன் இறங்குகிறது?

கட்டியும் அதைச் சுற்றிக் கூடும் அணுக்களும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருளை ரத்தத்தில் கொட்டுகின்றன. அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே உற்பத்தி வரிசை மாறிவிடுகிறது. சாதாரண நாளில் கல்லீரல் சுமார் 10 முதல் 15 கிராம் ஆல்புமின் தயாரிக்கும். அழற்சி என்ற தகவல் வந்ததும் அந்த வேலையைக் குறைத்துவிட்டு, சிஆர்பி போன்ற அவசரகாலப் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். அதே நேரத்தில் நுண்ரத்தக்குழாய்களின் சுவர் கொஞ்சம் ஒழுகத் தொடங்கும். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் திசுக்களுக்குள் கசிந்துவிடும். தசையும் கரையும். பசி போய்விடும். அதாவது சிஆர்பி ஏறுவதும் ஆல்புமின் இறங்குவதும் ஒரே சம்பவத்தின் இரண்டு பக்கங்கள். உங்கள் அப்பா ரிப்போர்ட்டில் 42ஐயும் 2.8ஐயும் தனித்தனிக் கெட்ட செய்திகளாகப் படிக்காதீர்கள். இரண்டும் ஒரே செய்தி.

சிஆர்பி என்ற பெயருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, நிமோனியாக் கிருமியின் 'சி' என்று பெயரிடப்பட்ட சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படியும் ஏதோ ஒன்றைக் கண்டார்கள். அந்தச் 'சி'யோடு வினைபுரியும் புரதம் என்பதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன். நிமோனியாவுக்கே உரியது என்று நினைத்தது, பிறகு எந்தத் தொற்றுக்கும், எந்தக் காயத்துக்கும், புற்றுநோய்க்கும் ஏறுவது தெரியவந்தது. கட்டிக்குள் வெள்ளையணுக்கள் குவிந்திருப்பதை ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ 1863லேயே கவனித்திருந்தார். அமெரிக்க நோயியலாளர் ஹெரால்டு டிவோராக் 1986இல் கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்று வர்ணித்தார். எனக்கு இந்தத் துறையில் பிடித்த வர்ணனை இதுதான். உங்கள் அப்பாவின் உடம்பு நான்கைந்து மாதமாக ஆறாத ஒரு புண்ணை ஆற்றப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட்டில் தெரிவது அந்த முயற்சியின் களைப்பு.

இப்போது நீங்கள் போட்ட கணக்குகளுக்கு வருவோம்.

என்எல்ஆர் என்பது நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுப்பது. 76ஐ 14ஆல் வகுத்தால் 5.4. நியூட்ரோபில், சண்டைக்கு முதலில் ஓடிவரும் அணு. தொற்றுக்கு நல்லது, ஆனால் கட்டியின் அருகே அது சுரக்கும் பொருள்கள் புது ரத்தக்குழாய் வளரவும் கட்டி பரவவும் உதவிவிடுகின்றன. லிம்போசைட்டுகளில்தான் புற்றணுக்களை அடையாளம் கண்டு கொல்லும் டி-செல்கள் இருக்கின்றன. முதலாவது கூடி இரண்டாவது குறைந்தால் நல்லதல்ல என்பது யோசனை. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 100 ஆய்வுகளையும் 40,559 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. என்எல்ஆர் அதிகமாக இருந்தவர்களுக்கு மரண ஆபத்து 1.81 மடங்கு இருந்தது. அந்த ஆய்வுகளில் 'அதிகம்' என்பதற்கான எல்லைக்கோடு நடுவாக 4 என்ற இடத்தில் இருந்தது. உங்கள் பயத்துக்குக் காரணம் இந்த மாதிரி ஒரு வரிதான் என்று ஊகிக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பிஎன்ஐ ஜப்பானிலிருந்து வந்தது. 1980இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பஸ்பி என்பவரும் குழுவினரும் ஆல்புமின், கையின் பின்புறத் தோல் மடிப்பின் தடிமன், டிரான்ஸ்ஃபெரின் என்ற ரத்தப் புரதம், தோல் ஒவ்வாமைச் சோதனை என்று நான்கைச் சேர்த்து ஒரு சூத்திரம் போட்டார்கள். ஜப்பானில் ஒனோடெரா 1984இல் அதை இரண்டே எண்களாகச் சுருக்கினார்: ஆல்புமினைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். அப்பாவுக்கு லிம்போசைட் 9,800இல் 14 சதவீதம், அதாவது 1,372. எனவே 28 கூட்டல் 6.86, மொத்தம் 34.86. 40க்குக் கீழே என்றால் குடலை வெட்டி இணைப்பது கூடாது என்பது ஒனோடெராவின் அன்றைய அறிவுரை. இதைப் படித்துத்தான் நீங்கள் அழுதிருப்பீர்கள். ஆனால் அது 40 வருடத்துக்கு முந்தைய ஆபரேஷன் தியேட்டர். அன்றைய மயக்க மருந்து, அன்றைய தையல், அன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு. 40க்குக் கீழே இருக்கும் பலருக்கு இன்று வெற்றிகரமாக இரைப்பை ஆபரேஷன் நடக்கிறது. அந்த 40ஐ 'நில்' என்ற பலகையாகப் பார்க்காமல், 'மெதுவாகப் போ' என்ற பலகையாகப் பாருங்கள். உங்கள் சர்ஜன் செய்திருப்பதும் அதைத்தான்.

கோனட் 2005இல் ஸ்பெயினில் உருவானது. ஆல்புமின், லிம்போசைட், கொலஸ்ட்ரால் மூன்றுக்கும் புள்ளி கொடுப்பார்கள். அப்பாவுக்கு 4, 1, 2 என்று மொத்தம் 7. 12 புள்ளியில் 5 முதல் 8 வரை நடுத்தர அளவு. இது முதலில் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டதே அல்ல. மருத்துவமனையில் சேரும் எல்லோரிலும் யாருக்கு ஊட்டச்சத்துக் குறைவு இருக்கலாம் என்று லேப் கம்ப்யூட்டரே தானாகக் கொடி காட்ட வேண்டும் என்பதற்காக உண்டாக்கிய வடிகட்டி. பிறகு ஆளாளுக்கு எடுத்து எல்லாப் புற்றுநோயிலும் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ளது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த ஸ்கோர். டொனால்டு மக்மில்லன் குழுவினர் 2003இல் ஆபரேஷன் செய்ய முடியாத நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஆரம்பித்தார்கள். முதல் வடிவத்தில் சிஆர்பி 10க்கு மேல் இருந்தால் ஒரு புள்ளி, ஆல்புமின் 3.5க்குக் கீழ் இருந்தால் ஒரு புள்ளி. பின்னர் குடல் புற்றுநோயில் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: சிஆர்பி ஏறாமல் ஆல்புமின் மட்டும் குறைந்திருந்தவர்களுக்குப் பெரிதாக ஆபத்து கூடவில்லை. அதனால் திருத்திய வடிவத்தில் அவர்களுக்குப் பூஜ்யம் கொடுத்துவிட்டார்கள். சிஆர்பி மட்டும் ஏறியிருந்தால் 1, அதோடு ஆல்புமினும் இறங்கியிருந்தால் 2. மேலே நான் சொன்ன கல்லீரல் கதையை இதைவிட அழகாக யாரும் நிரூபிக்க முடியாது. அப்பாவுக்கு ஸ்கோர் 2.

ஆக நான்கு கணக்கும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஆனால் பிஎன்ஐ, கோனட், கிளாஸ்கோ மூன்றிலும் ஆல்புமின் இருக்கிறது. என்எல்ஆர், பிஎன்ஐ, கோனட் மூன்றிலும் லிம்போசைட் இருக்கிறது. ஒரே சாட்சியை வேறு வேறு சட்டை மாட்டி நான்கு தடவை கூண்டில் ஏற்றிவிட்டு, "நான்கு பேர் சொல்கிறார்கள்" என்று சொல்ல முடியாது. தட்டணுவை லிம்போசைட்டால் வகுக்கும் பிஎல்ஆர், தட்டணுவையும் என்எல்ஆரையும் பெருக்கும் எஸ்ஐஐ என்று இன்னும் பத்து சுருக்கெழுத்துகள் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றையும் போட்டுப் பார்க்காதீர்கள்.

கணக்குப் போடும் முன் சரிபார்க்க வேண்டிய சில்லறை விஷயங்கள் வேறு உண்டு, யாரும் சொல்வதில்லை. ஒரு லேப் சிஆர்பியை லிட்டருக்கு 42 மில்லிகிராம் என்று போடும். இன்னொரு லேப் அதையே டெசிலிட்டருக்கு 4.2 என்று போடும். ஜப்பானிய ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டாவது அலகுதான். அலகைப் பார்க்காமல் 4.2ஐ எடுத்து 10க்குக் கீழ் என்று சந்தோஷப்பட்டவர்களையும், 42 என்றதும் ஜப்பானிய அட்டவணையில் தேடி மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்புறம், ரத்தம் எடுத்த நேரம். வாந்தி நிற்க என்று அவசரப் பிரிவில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், சில மணி நேரத்திலேயே நியூட்ரோபில் ஏறி லிம்போசைட் இறங்கிவிடும். அன்றைக்கு எடுத்த என்எல்ஆர் அந்த ஊசியைப் பற்றித்தான் பேசும். கீமோ நடுவில் வெள்ளையணு ஏற ஊசி போடுகிறார்களே, அதற்கும் இதே கதை. சொத்தைப்பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, சர்க்கரைக் காலில் புண், போன வாரம் வந்த வைரஸ் காய்ச்சல், எதுவும் சிஆர்பியை ஏற்றும். வாந்தியால் உடம்பு வறண்டிருந்தால் ஆல்புமின் உள்ளதைவிட நன்றாகத் தெரியும். நான்கு பாட்டில் ட்ரிப்ஸ் ஏறியதும் அதே ஆல்புமின் இறங்கித் தெரியும். "காலையில் 3.1 இருந்தது, ராத்திரி 2.7 ஆகிவிட்டதே, என்ன செய்தீர்கள்?" என்று சண்டைக்கு வந்த ஒரு மகனிடம் இதை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

சரி, அந்த 1.81 மடங்கு.

அது கூட்டத்தைப் பற்றிய எண். பெரிய கூட்டத்தை இரண்டாகப் பிரித்தால், ஒரு பக்கத்தில் கெட்டது கொஞ்சம் அதிகம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு தனி மனிதர் எந்தப் பக்கம் போவார் என்று அது சொல்லாது. என்எல்ஆர் 6 இருந்து பத்து வருடம் நன்றாக இருப்பவர்களும் உண்டு, 2 இருந்து ஆறு மாதத்தில் நோய் திரும்பியவர்களும் உண்டு. அதோடு, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்தவை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளில் யார் இறந்தார்கள் என்று தெரிந்த பிறகு, எந்த எல்லைக்கோட்டை வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்று தேடி அந்தக் கோட்டைப் போட்டிருக்கும். விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேள்வி தயாரிப்பது மாதிரி. அதனால்தான் ஒருவருக்கு 2.5, இன்னொருவருக்கு 5 என்று கோடுகள் அலைகின்றன. வித்தியாசம் தெரியாத ஆய்வுகள் பல அச்சுக்கே வருவதில்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நிணநீர்க்கணுவில் ஏறியிருக்கிறதா, சர்ஜன் வருடத்துக்கு எத்தனை இரைப்பை ஆபரேஷன் செய்கிறார், நோயாளி மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறுவாரா: இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகு இந்த விகிதங்கள் கூடுதலாகச் சொல்வது கொஞ்சம்தான்.

எண்ணைச் சரிசெய்தால் விதி மாறுமா என்பது இன்னொரு கேள்வி. பெல்ஜியத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனின்போது கெட்டோரோலாக் என்ற வலி, அழற்சி மருந்து கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று பழைய கோப்புகள் காட்டின. உடனே முறையான சோதனை நடத்தினார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்கள் என்று சேர்த்துக்கொள்ள என்எல்ஆர் 4க்கு மேல் இருப்பதும் ஒரு தகுதி. 2019இல் முடிவு வந்தது: வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தவர்களைவிட கெட்டோரோலாக் கொடுத்தவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் எண் புகை. புகையை விசிறி விரட்டினால் அடுப்பு அணையாது.

அப்படியென்றால் ஏன் இதையெல்லாம் பார்க்கிறோம்? ஆபரேஷன் முடிந்து வரும் முதல் முப்பது நாளுக்காக. அங்கே இந்த எண்களுக்கு, முக்கியமாக ஆல்புமினுக்கு, நல்ல மதிப்பு உண்டு. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 44 மருத்துவமனைகளில் நடந்த 54,215 பெரிய ஆபரேஷன்களை வைத்து 1999இல் ஒரு ஆய்வு வந்தது. ஆல்புமின் 4.6க்கு மேல் இருந்தவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2.1க்குக் கீழ் இருந்தவர்களில் 29 சதவீதம். அவர்கள் பார்த்த எல்லா விஷயங்களிலும் ஆல்புமின்தான் அதிகமாக முன்னறிவித்தது. 2.8 இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அளவுகோல் வைத்துச் சதவீதம் கண்டுபிடிக்க முயலாதீர்கள். தையல் போட்ட இடம் கசிவது, காயத்தில் சீழ், நிமோனியா, வென்டிலேட்டரிலிருந்து இறங்கத் தாமதம் ஆகியவைதான் நாங்கள் பயப்படுபவை. இவற்றில் சிலவற்றை முன்கூட்டியே வேலை செய்து குறைக்க முடியும்.

அதனால் இரண்டு வாரம் தள்ளியதைப் பற்றிக் கோபப்படாதீர்கள். ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் இதை எழுதியே வைத்திருக்கிறது: ஆறு மாதத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 18.5க்குக் கீழ், அல்லது ஆல்புமின் 3க்குக் கீழ் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும், ஆபரேஷனுக்கு முன் 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுக்க வேண்டும். புற்றுநோய் ஆபரேஷனாக இருந்தாலும் அதற்காகத் தள்ளிவைக்கலாம். உங்கள் அப்பா 58இல் 8 கிலோ இழந்திருக்கிறார். அது கிட்டத்தட்ட 14 சதவீதம். எனக்கு அந்த எட்டுக் கிலோதான் ரிப்போர்ட்டில் உள்ள எந்த எண்ணையும்விடக் கவலை தருகிறது. கட்டி இந்த அளவுக்கு வரப் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகியிருக்கும். இந்தப் பதினான்கு நாளில் அது புதிதாகச் செய்யப்போவது கொஞ்சம்; பலவீனமான உடம்பில் தையல் கசிந்தால் நடக்கப்போவது அதிகம். கசிவால் இரண்டு மாதம் படுத்துவிட்டால் அப்புறம் கீமோவும் தள்ளிப்போகும்.

ஒரு எச்சரிக்கை. எல்லோருக்கும் இப்படித் தள்ளி, நரம்பு வழியாகச் சத்து ஏற்றுவது நல்லதா என்றால் இல்லை. அதே முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் 395 பேரை வைத்து நடந்த சோதனை 1991இல் வெளிவந்தது. மிகவும் நலிந்தவர்களுக்கு மட்டும் நன்மை இருந்தது. லேசாக நலிந்தவர்களுக்கு நரம்பு வழி ஊட்டத்தால் தொற்றுதான் கூடியது. வாய், இல்லையென்றால் மூக்கு வழிக் குழாய், அதுவும் முடியாவிட்டால்தான் நரம்பு.

முட்டைக்கு வருவோம். ஆல்புமின் என்ற பெயரே வெள்ளை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முட்டையின் வெள்ளைக்கருவுக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர். அந்தப் பெயர்ப் பொருத்தத்தால்தான் நம் ஊரில் "ஆல்புமின் குறைவா, வெள்ளைக்கரு கொடு" என்று ஆகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். வெள்ளைக்கருவின் புரதம் வேறு, ரத்தத்தின் ஆல்புமின் வேறு. எதைச் சாப்பிட்டாலும் அமினோ அமிலங்களாக உடைந்துதான் உள்ளே போகும். ஒரு வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் புரதம். ஆறு கொடுத்தாலும் சுமார் 21 கிராம். அப்பாவுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை, அதாவது 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். 1,250 முதல் 1,500 கலோரி வரையும் வேண்டும். வெள்ளைக்கருவில் கலோரி ஒன்றுமில்லை. கலோரி போதாவிட்டால் கொடுக்கும் புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடும். மஞ்சள்கருவை எறிய வேண்டாம், முழு முட்டையாகக் கொடுங்கள். அடைப்பு இருப்பதால் திடமான சாப்பாடு இறங்காது. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் வாந்தி எடுப்பார். அரைத்துக் கரைத்தவைதான் சரிப்படும்: வடிகட்டிய சத்துமாவுக் கஞ்சியில் பால் பவுடர், மசித்த பருப்பில் ஒரு ஸ்பூன் நெய், தயிரைக் கடைந்து, டயட்டீஷியன் எழுதித் தரும் புரத பவுடர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நூறு நூற்றைம்பது மில்லி. தண்ணீராக ஓடும் கஞ்சியும் இளநீரும் மட்டும் கொடுத்துவிட்டு "நாள் முழுக்கச் சாப்பிட்டார்" என்று சொல்கிறவர்கள் நிறைய. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மூன்றாம் நாள் கூட்டிப் பாருங்கள். பாதிகூடப் போகவில்லை என்றால் உடனே சர்ஜனிடம் சொல்லுங்கள். அடைப்பைத் தாண்டி சிறுகுடலுக்குள் எண்டோஸ்கோப்பி வழியாக ஒரு மெல்லிய குழாய் வைத்து ஊட்டலாம். பத்து நாளாக ஒன்றுமே சாப்பிடாத ஆளுக்கு ஒரே நாளில் நிறைய ஏற்றக்கூடாது. பாஸ்பேட் சடாரென்று இறங்கி இதயம் தடுமாறும். அதற்காகத்தான் தயாமின் ஊசி போட்டு, பாஸ்பேட், பொட்டாசியம் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுகிறோம்.

ஆல்புமின் பாட்டில்: வேண்டாம். 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும், சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஏற்றியதும் மறுநாள் ரிப்போர்ட் அழகாக வரும். ஒழுகும் குழாய்களில் ஊற்றியது இரண்டு மூன்று நாளில் திசுக்களுக்குள் போய்விடும். தையல் ஆறுவதற்கு அது உதவாது. ரிப்போர்ட்டைக் குணப்படுத்துவது என்று நாங்கள் எங்களுக்குள் கேலி பேசும் வேலை அது. கல்லீரல் சுருக்க நோயில் வயிற்று நீரை எடுக்கும்போது அதற்கு உண்மையான வேலை உண்டு. அது வேறு விஷயம்.

பதினான்கு நாள் கழித்து ஆல்புமின் 3.5 ஆகியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதன் அரையாயுள் சுமார் 20 நாள், அழற்சியோ அப்படியே இருக்கிறது. 3.0 வந்தாலே பெரிய விஷயம். ஏறாமல் இருந்தாலும் எடை நின்று, கைப்பிடியில் வலு வந்து, தானாக எழுந்து நடந்தால் நான் ஃபிட்னஸ் கொடுத்துவிடுவேன். இந்த இரண்டு வாரத்தில் உணவுக்குச் சமமான வேலை நடை. நெதர்லாந்து தலைமையில் பல நாடுகளில் குடல் புற்றுநோயாளிகள் 251 பேரிடம் நடந்த சோதனையில், ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரம் உடற்பயிற்சி, புரதம், மனத்தெம்பு, புகை நிறுத்தம் என்று சேர்த்துத் தயார் செய்தவர்களுக்குக் கடுமையான சிக்கல்கள் 17.1 சதவீதம், மற்றவர்களுக்கு 29.7. காலையும் மாலையும் மொட்டைமாடியில் நடக்கவிடுங்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து கருவி கொடுத்திருப்பார்கள். பாதிப் பேர் அதை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். ஊதக்கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே போய் மூன்று விநாடி நிற்க வேண்டும். பீடி இருந்தால் இன்றோடு சரி.

ஹீமோகுளோபின் 9.2ஐயும் கேளுங்கள். இரும்பு மாத்திரை அழற்சி உள்ள உடம்பில் சரியாக ஏறாது. நரம்பு வழி இரும்புக்கு இந்த இரண்டு வாரம் நல்ல வாய்ப்பு. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சாதாரணமாக வந்தால் இரும்பு போதும் என்று விட்டுவிட வேண்டாம், அதுவும் சிஆர்பி மாதிரி அழற்சியில் ஏறும் சரக்குதான்.

கடைசிக் கேள்வி, ஆபரேஷனுக்கு அப்புறம் எதைப் பார்ப்பது. சிஆர்பி. இந்த முழுப் பட்டியலிலும் நான் தினசரி வேலையில் உண்மையாகச் சார்ந்திருப்பது அதை மட்டும்தான். வெட்டியதால் எல்லோருக்கும் அது ஏறும்; இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், 150, 180 எல்லாம் வரும், அதைப் பார்த்துப் பதறக்கூடாது. அதன் அரையாயுள் சுமார் 19 மணி நேரம் என்பதால், உள்ளே புதிதாகப் பிரச்சினை இல்லை என்றால் அதற்குப் பிறகு வேகமாக இறங்கும். குடல் ஆபரேஷன்களில் செய்த ஒரு தொகுப்பாய்வில் மூன்றாம் நாள் 172, நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 என்று எல்லைக்கோடு வந்தது. அதற்குக் கீழே இருந்தால் தையல் கசியவில்லை என்பதை 97 சதவீதம் நம்பலாம். அதற்கு மேலே இருந்தால் கசிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேலே இருந்தவர்களில் கசிவு இருந்தது நான்கில் ஒருவருக்கும் குறைவாகத்தான். இரைப்பையிலும் ஏறக்குறைய இதே போக்கில்தான் படிக்கிறோம். ஒற்றை எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம்: 190, 140, 85 என்றால் நிம்மதி, 160, 150, 210 என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் நாங்கள் சிடி எடுக்கச் சொல்வோம்.

அந்த நாட்களில் ஆல்புமின் 2.4 என்று வரும். ட்ரிப்ஸும் அழற்சியும் சேர்ந்து இறக்கியது அது. அதைப் பார்த்துவிட்டு யாராவது பாட்டில் வாங்கி வரச் சொன்னால், எதற்காக என்று ஒருமுறை கேளுங்கள்.